ஹெபடைடிஸ் பி: 26 வாரக் கர்ப்பம். டெனோஃபோவிர் சாப்பிடலாமா, தாய்ப்பால் கொடுக்கலாமா?

கேள்வி: நாத்தனார், கோத்தகிரி

வணக்கம். தம்பி மனைவிக்காகக் கேட்கிறேன். வயது 24, முதல் கர்ப்பம், இந்த வாரத்தோடு 26 வாரம். டிசம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. அப்புறம் எடுத்த ரிப்போர்ட்டில் இருப்பது இது:

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ். எச்.பி.இ.ஏ.ஜி. பாசிட்டிவ். எஸ்.ஜி.பி.டி. 24. கிரியேட்டினின் 0.6. அல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் அதிகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. எச்.ஐ.வி. நெகட்டிவ். ஸ்கேனில் கல்லீரல் நார்மல். வைரல் லோடு என்ற இடத்தில் 3.2 என்று போட்டு, ஒட்டினாற்போல 'இ' என்ற ஆங்கில எழுத்தும் +07ம் இருக்கிறது. 3.2 என்றால் குறைவுதானே?

28ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் 300 தினம் ஒன்று சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கல்லீரல் நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு, வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரும், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். தாய்ப்பாலும் கூடாது, பவுடர் பால்தான் என்று பக்கத்து லைனில் சொல்லிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். எது சரி என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

---

பதில் 1: மகப்பேறு மருத்துவர், ஊட்டி

முதலில் அந்த வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) எண்ணைச் சரியாகப் படிப்போம். 'இ+07' என்றால் 3.2ஐ ஒன்றுக்குப் பின் ஏழு சைபர் போட்ட எண்ணால் பெருக்க வேண்டும். அதாவது 3 கோடியே 20 லட்சம். குறைவு இல்லை, மிக அதிகம். இந்தப் புள்ளியில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அலகையும் பாருங்கள். ஐ.யூ. (சர்வதேச அலகு) என்று இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; காப்பீஸ் என்று இருந்தால் தோராயமாக 5ஆல் வகுத்தால்தான் ஐ.யூ. கிடைக்கும்.

கர்ப்பிணிக்கு மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்யும் எல்லைக்கோடு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் ஐ.யூ. அதற்கு மேல் இருந்தால், பிறந்ததும் குழந்தைக்கு இரண்டு ஊசி போட்டாலும் சில குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டுவிடுகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் அவ்வளவு அடர்த்தியாக இருக்கும்போது ஊசி கொடுக்கும் காப்பு தாக்குப்பிடிக்காது. அதனால்தான் கடைசி மூன்று மாதத்தில் தாயின் வைரஸைக் கீழே இறக்குகிறோம். வைரல் லோடு எடுக்க வழியில்லாத இடத்தில் எச்.பி.இ.ஏ.ஜி. (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) பாசிட்டிவ் என்பதை வைத்தே மாத்திரை தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தம்பி மனைவிக்கு இரண்டுமே இருக்கிறது. டாக்டர் சொன்னது சரி.

"கல்லீரல் நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?" நியாயமான கேள்வி. வைரஸ் மிக அதிகம், எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) நார்மல் என்றால், உடம்பு அந்த வைரஸோடு இன்னும் சண்டையே தொடங்கவில்லை என்று பொருள். அவருடைய கல்லீரலுக்கு இன்றைக்கு மாத்திரை தேவையில்லை. இந்த மாத்திரை குழந்தைக்காக. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100ல் 5 பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போது தொற்றினால் 100ல் 90 குழந்தைகளுக்குத் தங்கிவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வருவதற்கு அதுதான் விதை. பெரியவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அடுத்து, ஊனம். டெனோஃபோவிர் 2001லிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்திலேயே சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிரசவங்களின் பதிவுகள் இருக்கின்றன. பிறவிக் குறைபாடு பொதுவாக எந்த மருந்தும் சாப்பிடாதவர்களிடமும் 100க்கு 3 அளவில் இருக்கும். டெனோஃபோவிர் சாப்பிட்டவர்களிடம் அது கூடவில்லை. உங்கள் வீட்டில் தொடங்கப்போவது 28 வாரத்தில். கை, கால், இதயம், முதுகெலும்பு எல்லாம் உருவாகி முடிந்து வெகுநாளாகியிருக்கும். எலும்பு வலு குறையுமோ என்ற சந்தேகம் ஒருகாலத்தில் இருந்தது. தாய்லாந்தில் மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஒரு வயதில் எலும்பு அடர்த்தி அளந்தார்கள். சாப்பிடாதவர்களின் குழந்தைகளோடு வித்தியாசம் இல்லை.

பலன் எவ்வளவு? 2016ல் வெளியான சீன ஆய்வில் 200 தாய்மார்கள், எல்லோரும் எச்.பி.இ.ஏ.ஜி. பாசிட்டிவ், 2 லட்சத்துக்கு மேல். 30-32 வாரத்தில் டெனோஃபோவிர் தொடங்கி, கடைசிவரை தொடர்ந்து வந்தவர்களில் ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று இல்லை. மாத்திரை இல்லாமல் ஊசி மட்டும் போட்ட பக்கத்தில் 100க்கு 7. தாய்லாந்து ஆய்வில் (2018) மாத்திரை இல்லாத பக்கத்திலேயே 100க்கு 2தான். அங்கே பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். இதிலிருந்து நமக்கு வேண்டியது: மாத்திரையும் வேண்டும், ஊசி வேகமாகவும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் (கல்லீரல் டெஸ்டில் வரும் ஒரு நொதி) பற்றிப் பயம் வேண்டாம். கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியே அதைச் சுரக்கும். ஆல்புமின் குறைவதும் கர்ப்பத்தில் இயல்பு. ஆனால் எஸ்.ஜி.பி.டி. கர்ப்பத்தால் ஏறாது, அது ஏறினால் உடனே கவனிக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கர்ப்பத்தில் கீழே இருக்கும், 0.6 அருமை. 0.9, 1.0 என்று வந்தால் லேப் நார்மல் என்று அச்சடித்திருந்தாலும் கர்ப்பிணிக்கு அது நார்மல் இல்லை.

சுகப்பிரசவமே போதும். ஹெபடைடிஸ் பி ஒன்றையே காரணமாகச் சொல்லி வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. பிரசவ அறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துடிப்பைப் பார்க்கக் குழந்தையின் தலையில் குத்தும் மின்முனை போன்றவற்றைத் தவிர்ப்பார்கள்.

---

பதில் 2: மருந்தாளுநர், கூடலூர்

மாத்திரை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

புட்டியில் "டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃபியூமரேட் 300 மி.கி." என்று தனி மருந்தாக இருக்க வேண்டும். கூடவே லமிவுடின், எம்ட்ரிசிடபின், டோலுடெக்ராவிர் என்று சேர்ந்து இருந்தால் அது எச்.ஐ.வி. கூட்டு மாத்திரை, வாங்கி வராதீர்கள். "டெனோஃபோவிர் அலாஃபினமைட் 25 மி.கி." என்று இன்னொன்று உண்டு. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் வேறு மருந்து, டாக்டர் எழுதாமல் கடையில் மாற்றிக்கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புட்டியைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடி "இது எய்ட்ஸ் மாத்திரை" என்று யாராவது கிளப்புவார்கள். ஒரே மருந்து இரண்டு வைரஸுக்கும் வேலை செய்கிறது, அவ்வளவே. எச்.ஐ.வி. இருப்பவருக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் தொடங்கும் முன் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுப்பது. உங்களுக்கு நெகட்டிவ் என்று இருக்கிறது, சரி.

தினம் ஒரே நேரம். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். மறந்துவிட்டால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம், தாண்டிவிட்டால் மறுநாள் ஒன்று மட்டும். இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு இது மோதாது. (அந்த இரண்டையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், அது வேறு கதை.) சிசேரியன் ஆனால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, டெனோஃபோவிர் சாப்பிடுவதை அங்கே சொல்லிவிட்டால் பாராசிட்டமால் பக்கம் போவார்கள்.

28 வாரத்திலிருந்து 40 வாரம் வரை 84 மாத்திரை. பிரசவத்துக்குப் பின் 12 வாரம் தொடரச் சொன்னால் இன்னொரு 84. மொத்தம் 30 மாத்திரைப் புட்டி ஆறு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் மூன்று நாள் பஸ் வராது. அதனால் புட்டியில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். மாத்திரையைப் புட்டியிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். இந்த மருந்து ஈரத்தைத் தாங்காது, நம் மலை வீட்டுச் சுவரோ மழைக்காலத்தில் வியர்க்கும். உள்ளே இருக்கும் ஈர உறிஞ்சிப் பொட்டலம் உள்ளேயே இருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். அடுப்பங்கரை அலமாரி வேண்டாம்.

செலவு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும்: தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28லிருந்து நடக்கிறது. பரிசோதனை, டெனோஃபோவிர், குழந்தைக்கான இம்யூனோகுளோபுலின் எல்லாம் அதில் இலவசம். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

---

நாத்தனார், கோத்தகிரி

ரொம்ப நன்றி. எண்ணை நாங்கள் தப்பாகத்தான் படித்திருக்கிறோம். அந்த இரண்டு ஊசி என்ன, எங்கே கிடைக்கும்? தேதி டிசம்பர் கடைசி, அப்போது இங்கே குளிர் கடுமையாக இருக்கும். தாய்ப்பால் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எங்கள் லைனிலேயே இன்னொரு அக்கா இதே நோய்க்கு எண்டகாவிர் சாப்பிடுகிறார், அவரும் குழந்தைக்குத் திட்டமிடுகிறார்.

---

பதில் 3: தடுப்பூசிக் கிடங்கு, குன்னூர்

இரண்டு ஊசிகள், இரண்டு வேலைகள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, 0.5 மி.லி., இடது தொடையின் நடுவில் வெளிப்பக்கத் தசையில்: இது குழந்தையின் உடம்பை எதிர்ப்புச் சக்தி தயாரிக்கப் பழக்கும், அதற்கு வாரங்கள் ஆகும். இம்யூனோகுளோபுலின், வழக்கமாக 0.5 மி.லி., 100 அலகு (கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும், லேபிளைப் பார்த்துத்தான் போட வேண்டும்), வலது தொடையில்: இது தயாராக இருக்கும் எதிர்ப்புச் சக்தி, அந்த வாரங்களைத் தாங்கிப் பிடிக்கும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, ஒரே தொடையிலும் கூடாது. தொடையில் தாயின் ரத்தம் ஒட்டியிருந்தால் துடைத்துக் கழுவிய பிறகே குத்த வேண்டும், இல்லையென்றால் ஊசிமுனையே வைரஸை உள்ளே தள்ளும்.

நேரம்: இரண்டும் 12 மணி நேரத்துக்குள். தடுப்பூசி எக்காரணம் கொண்டும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏதோ காரணத்தால் தாண்டிவிட்டால் "நேரம் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள், அப்போதே போடுங்கள். இம்யூனோகுளோபுலினும் 7 நாள் வரை போடலாம், ஆனால் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பலன் குறையும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மருந்து இல்லாததால் இல்லை. தடுப்பூசி 10 டோஸ் குப்பியில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு குழந்தை பிறந்தால் "ஒருத்தருக்காகக் குப்பியைத் திறக்கணுமா, நாளைக்குப் போடலாம்" என்ற தயக்கம் வரும். திறந்த குப்பியை முறையாக வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. பிறந்ததும் போடும் தவணைக்கு ஜீரோ டோஸ் என்று பெயர். குடும்பத்தார் தயங்காமல் கேளுங்கள்: "ஜீரோ டோஸ் ஹெபடைடிஸ் பி போட்டாச்சா, எத்தனை மணிக்கு?" அட்டையில் நேரத்தோடு எழுதி வாங்குங்கள். இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. எட்டாம் மாதத்திலேயே பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் சொல்லி வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள். கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கி.மீ., மேட்டுப்பாளையம் 33 கி.மீ. வலி வந்த பிறகு ஆளை அனுப்பி வாங்கிவரும் பொருள் இல்லை இது.

இனி குளிர். மற்ற ஊரில் தடுப்பூசி கெட்டுப்போவது சூட்டால். நம் மலையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியாலும் கெடும். ஹெபடைடிஸ் பி மருந்து 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அந்த உப்பு கட்டியாகத் திரண்டு மருந்து செத்துவிடும், திரும்ப உருகினாலும் உயிர் வராது. தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் விடியற்காலையில் பைக்கில் கேரியர் (தடுப்பூசிப் பெட்டி) கொண்டுபோகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. ஐஸ்பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் கேரியரில் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகே வைக்க வேண்டும்.

சந்தேகக் குப்பியைச் சோதிக்கும் முறை எளிது. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்குங்கள். இரண்டையும் நன்றாகக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அரை மணி நேரம் பாருங்கள். உறைந்த குப்பியில் வெண்மை துகள் துகளாக அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். நல்ல குப்பி மெதுவாகத்தான் படியும், மோர் மாதிரி கலங்கியே இருக்கும். சந்தேகக் குப்பி உறைந்ததைப் போலவே வேகமாகப் படிந்தால் தூக்கிப்போடுங்கள்.

நீங்களே இம்யூனோகுளோபுலின் வாங்கி வரும்படி ஆனால், அதுவும் 2-8 டிகிரிதான், உறையக் கூடாது. கடையில் ஐஸ் துண்டோடு பாலித்தீனில் போட்டுக் கொடுப்பார்கள். மருந்து அட்டையைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகத் தொடாமல் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் உறைபெட்டிக்குக் கீழே ஒட்டி வைக்காதீர்கள், நடுத்தட்டில் வையுங்கள்.

தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கிவிடுவது நல்லது. 108 வண்டியில் வழியிலேயே பிரசவமானால், முதலில் வரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தித் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு மேலே போங்கள்.

அதன்பிறகு 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு) ஊசி. அதிலேயே ஹெபடைடிஸ் பி இருக்கிறது, தனியாக வேண்டாம். சளி, லேசான ஜுரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

---

பதில் 4: கல்லீரல் பிரிவு, கோவை

தாய்ப்பால் கொடுக்கலாம். சீம்பாலிலிருந்தே, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. ஊசி போடும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஊசி போட்ட குழந்தைகளில் தாய்ப்பால் குடித்தவர்களுக்கும் பவுடர் பால் குடித்தவர்களுக்கும் தொற்றில் வித்தியாசம் இல்லை. தொற்று நடப்பது பிரசவ நேரத்து ரத்தத்தில், பாலில் இல்லை. லைன் வீட்டில் குழாய்த் தண்ணீரில் பவுடர் கரைத்துப் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதால் வரும் பேதிதான் எனக்குக் கவலை.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கொடுப்பதும் சரியே. டெனோஃபோவிர் பாலில் மிகச் சொற்பமாகத்தான் இறங்குகிறது. இறங்குவதும் குடலில் எளிதில் ஏறாத வடிவம். நாம் விழுங்கும் மாத்திரையில் குடல் உறிஞ்சுவதற்காகவே ஒரு வால் ஒட்டியிருக்கும். பாலுக்கு வரும்போது அந்த வால் கழன்றுவிட்டிருக்கும். மருந்து அட்டையில் "பால் கொடுப்போர் தவிர்க்கவும்" என்று பழைய எச்சரிக்கை இருந்தால் அதை வைத்துப் பாலை நிறுத்தாதீர்கள்.

முலைக்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் அந்தப் பக்கம் ஆறும்வரை பிழிந்து கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுப்பது ஒரு கூடுதல் எச்சரிக்கை. கவனிக்காமல் ஒருமுறை குடித்துவிட்டது என்றால் பதற வேண்டாம், இரண்டு ஊசியும் போட்ட குழந்தைதானே. வெடிப்பு வருவதே பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதால். கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கச் செவிலியரிடம் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

மாத்திரையை எப்போது நிறுத்துவது? பிரசவத்தோடு நிறுத்துபவர்களும் உண்டு, 12 வாரம் வரை தொடர்பவர்களும் உண்டு, இரண்டும் ஏற்கப்பட்டதே. எந்தத் தேதி என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டில் நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. கர்ப்பத்தில் அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி பிரசவத்துக்குப் பின் விழித்துக்கொள்ளும். அதே சமயம் மாத்திரையும் நின்றால் வைரஸ் ஏறும். இரண்டும் மோதும் இடம் கல்லீரல். பலருக்கு எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறித் தானாக இறங்கும், சிலருக்குக் கடுமையாகும். அதனால் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் 6ஆவது வாரம், 12ஆவது வாரம், 6ஆவது மாதம் எஸ்.ஜி.பி.டி. எடுங்கள். முதல் தேதி குழந்தையின் 6 வார ஊசிக்கு வரும் நாளை ஒட்டியே வரும். நடுவில் கண் மஞ்சள், சிறுநீர் கருந்தேயிலைச் சாயம் மாதிரி, சாப்பாடு பிடிக்காமல் அடிக்கடி வாந்தி என்றால் அன்றைக்கே வாருங்கள்.

கீழாநெல்லி: இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1988ல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று பலருக்கு வைரஸே போய்விட்டது என்றது, உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. குழந்தைக்குத் தொற்றாமல் அது தடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெரியவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் அந்த 12 வாரம் வீணாகும், அது திரும்பி வராது.

லைனில் இருக்கும் அக்காவுக்கு: எண்டகாவிர் கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்து இல்லை. கருத்தரிக்கும் முன்பே டெனோஃபோவிருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், டாக்டரைப் பார்த்து. ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால் பயந்து நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தாமல் அந்த வாரமே மாற்ற வேண்டும். அவர் தன் கல்லீரலுக்காக மாத்திரை சாப்பிடுபவர். உங்கள் தம்பி மனைவி மாதிரி பிரசவத்தோடு நிறுத்துவது அவருக்குப் பொருந்தாது. இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் என்றால் அது முடியும்வரை கருத்தரிக்கவே கூடாது.

---

நாத்தனார், கோத்தகிரி

அவளிடம் வாசித்துக் காட்டினேன். பால் கொடுக்கலாம் என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னாள். இரண்டு சந்தேகம். குழந்தைக்குத் தொற்றவில்லை என்று எப்போது தெரியும்? தம்பிக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் என்ன செய்ய வேண்டும்? தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார்கள்.

---

பதில் 5: கல்லீரல் பிரிவு, கோவை

தட்டையும் டம்ளரையும் இன்றைக்கே ஒன்றாக்குங்கள். சாப்பாட்டில், எச்சிலில், தும்மலில், கட்டிப்பிடிப்பதில் இது பரவாது. பிரிக்க வேண்டியது ரத்தம் படும் பொருட்களை மட்டும்: சவரக் கத்தி, பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி.

தம்பிக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் (தொற்று இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட்), எதிர்ப்புச் சக்தி டெஸ்டும் எடுங்கள். இரண்டும் இல்லை என்றால் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அதுவரை ஆணுறை. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் இதேதான். பெண்ணின் அம்மா, கூடப்பிறந்தவர்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். அவருக்கு 24 வயது. ஹெபடைடிஸ் பி ஊசி நாடு முழுக்க அரசு அட்டவணைக்கு வந்ததே 2011 வாக்கில்தான். பிறக்கும்போதே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அண்ணன் தங்கைக்கும் இருக்கலாம்.

குழந்தைக்கு 9 மாதம் முடிந்து, தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் போகும்போது ரத்தம் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே பாசிட்டிவ் காட்டி ஏமாற்றும். கேட்க வேண்டியவை இரண்டு: எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி-எச்.பி.எஸ். (எதிர்ப்புச் சக்தி) அளவு. முதலாவது நெகட்டிவ், இரண்டாவது 10க்கு மேல் என்றால் குழந்தை தப்பித்துவிட்டது. முதலாவது நெகட்டிவ், இரண்டாவது 10க்குக் கீழ் என்றால் ஒரு தடுப்பூசி கூடுதலாகப் போட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். 'ஆன்டி-எச்.பி.சி.' என்று லேபில் ஒரு டெஸ்ட் சேர்த்துவிடுவார்கள், அது வேண்டாம். தாயிடமிருந்து வந்த அந்த எதிர்ப்பொருள் இரண்டு வயதுவரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கும், பார்த்துவிட்டு வீணாகக் கலங்குவீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது, 28 வாரம் பிறக்கும் அன்றைக்கு முதல் மாத்திரை. நான்கு வாரம் கழித்துக் கிரியேட்டினினும் எஸ்.ஜி.பி.டி.யும். 36ஆவது வாரத்தில் வைரல் லோடு மறுபடி எடுத்து, எண்ணை இங்கே போடுங்கள், அந்த 'இ'க்குப் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து.